விசில் ஊதியவர்களுக்கும் ஒரு மாலை

விளையாட்டு விழா என்றால் வென்றவர்க்குக் கோப்பை, தோற்றவர்க்கு ஆறுதல் பரிசு, தலைமை தாங்க வந்தவர்க்குப் பொன்னாடை என்பது நாம் கண்டு பழகிய முறை. ஆட்டம் முழுவதும் ஆடுவோருக்குச் சமமாக ஓடி, இரு தரப்பாரின் ஏச்சையும் ஒருங்கே வாங்கிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு நின்ற நடுவருக்கு நாம் என்ன தருகிறோம்? ஒரு தம்ளர் தேநீர் தருகிறோம்; அதுவும் சில வேளை ஆறிப் போயிருக்கும். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அன்று. ஆட்டங்கள் ஆடப்படும் இடமெல்லாம் ஏறக்குறைய இதே கதைதான். எனினும் பனிநாடுகளின் ஆட்டமாகிய ஐஸ் ஹாக்கியில் இக்குறையைப் போக்க ஒரு முயற்சி நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஊதியம் வாங்காமல் அமெச்சூர் ஆட்டத்தை வளர்த்தவர்களையும், விசில் ஊதிய நடுவர்களையும் பெயர் சொல்லிப் போற்றும் ஏற்பாடுகள் அங்கே உண்டு. அவை எவ்வாறு தோன்றின, யாரைக் கண்டுகொண்டன, யாரைக் காணாமல் விட்டன என்பதை நான் படித்தறிந்த அளவில் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு சொல். நம் நாட்டுக்கு ஒலிம்பிக்கில் தங்கம் தேடித் தந்த ஹாக்கி, தரையில் பந்தைக் கொண்டு ஆடுவது. ஐஸ் ஹாக்கியோ உறைந்த பனித்தளத்தின் மேல், காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டால் சறுக்கிக்கொண்டே ஆடுவது. நம் நாட்டிலும் லடாக்கில் குளங்கள் உறையும் மாதங்களில் இதை ஆடுகிறார்கள். பன்னாட்டு ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் இந்தியா 1989 முதல் உறுப்பு நாடு. அணிக்கு ஆறு பேர். பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டு. விட்டம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம். விடுதி இட்டிலியின் பருமன் என்று கொள்ளலாம். கெட்டியிலும் பெரிய வேற்றுமை இல்லை என்று விடுதி நண்பர்கள் சொல்லக்கூடும். அந்த வட்டு மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறப்பது உண்டு.

இந்த ஆட்டத்தில் நடுவரின் பாடு தனி. கிரிக்கெட் நடுவர் ஓரிடத்தில் நின்று தொப்பிகளைச் சுமக்கிறார். டென்னிஸ் நடுவருக்கு உயரமான நாற்காலி இருக்கிறது. ஐஸ் ஹாக்கி நடுவருக்கு ஒதுங்குவதற்கே இடம் இல்லை. தளத்தைச் சுற்றிலும் இடுப்புக்கு மேல் உயர்ந்த பலகைச் சுவர்; அதன்மேல் கண்ணாடித் தடுப்பு. உள்ளே ஆடுவோர் மோதிக்கொள்ளும் அதே தளத்தில்தான் அவரும் சறுக்க வேண்டும். வட்டு அவர் மேலும் படும், தடியும் படும், ஆளும் வந்து விழுவார். தலைமை நடுவர் தவறுகளைக் கவனிப்பவர். கோட்டு நடுவர்கள் நீலக்கோட்டைத் தாண்டும் ஒழுங்கைப் பார்ப்பதோடு, இருவர் கைகலந்தால் இடையே புகுந்து பிரித்தும் விட வேண்டும். சிறு தவறு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே தண்டப் பெட்டியில் உட்கார வேண்டும். அந்நேரத்தில் அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். ஆகவே நடுவரின் ஒரு விசில் ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடக் கூடியது. அவர் மீது மக்களுக்கு ஏன் அத்தனை கோபம் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து, அமெச்சூர் என்னும் சொல். நம் மாவட்டக் கபடிக் கழகங்களின் பெயர்ப்பலகைகளில் இச்சொல்லை அனைவரும் பார்த்திருப்போம். பொருள் ஊன்றிப் பார்த்தவர் குறைவு. ஆட்டத்துக்குக் காசு வாங்காதவர் என்பதே அதன் பொருள். கனடாவில் 1890-இல் தோன்றிய ஒன்டாரியோ ஹாக்கிச் சங்கம் இதைச் சமயக் கொள்கை போலவே காத்தது. 1898-இல் பெர்லின் என்னும் ஊர் அணி (ஜெர்மனியில் உள்ளது அன்று, ஒன்டாரியோ மாநிலத்தில் இன்று கிச்னர் எனப்படும் ஊர்) பக்கத்து ஊரை வென்றபோது, ஊர்த் தலைவர் மகிழ்ந்து ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்குப் பத்து டாலர் பொற்காசு பரிசளித்தார். சங்கம் அந்த அணியையே விலக்கிவிட்டது. இன்று கேட்டால் கொடுமையாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இதிலிருந்து ஒன்று விளங்கும். காசு வாங்கக் கூடாது என்று விதித்துவிட்ட உலகத்தில், உழைத்தவனுக்குத் தரக்கூடியதாக எஞ்சியிருப்பது பெயரும் புகழும்தான். பாராட்டு என்பது அங்கே அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. அதுவே கூலியாக இருந்தது.

கனடாவின் ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-இல் அறிவித்து, 1893-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட புகழ்மிக்க ஸ்டான்லி கோப்பையும் தொடக்கத்தில் அமெச்சூர் அணிகளுக்கானதே. பின்னர்த் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதைக் கைப்பற்றிவிடவே, மான்ட்ரியல் செல்வர் மான்டேகு ஆலன் 1908-09 பருவத்தில் அமெச்சூர் அணிகளுக்கென்று தனியே ஆலன் கோப்பையை அளித்தார். கொடுத்தவர் இருவரும் இன்று ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றவர்கள்.

அந்தப் புகழ்மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிங்ஸ்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் சதர்லாந்து என்பவரின் கனவு அது. கனடிய அமெச்சூர் ஹாக்கிச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். முதல் உலகப் போரில் படையில் பணியாற்றியவர். போரில் மாண்ட ஹாக்கி இளைஞர்களின் நினைவாக, இளையோர் அணிகளுக்கு 1919-இல் மெமோரியல் கோப்பை ஏற்படக் காரணமானவரும் அவரே. ஹாக்கி தம் ஊரில்தான் பிறந்தது என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டார். வரலாற்று அறிஞர்கள் அதை ஒப்புவதில்லை. எந்த ஊர்க்காரருக்குத்தான் அந்த ஆசை இல்லை! 1943-இல் புகழ்மண்டபம் நிறுவப்பட்டு, 1945-இல் முதல் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. பெயர்கள் சேர்ந்துகொண்டே போயின. கட்டடம் மட்டும் எழவில்லை. கிங்ஸ்டனில் பணம் திரளவில்லை. சதர்லாந்து 1955-இல் மறைந்தார். கடைசியில் 1961 ஆகஸ்டு 26 அன்று டொரன்டோவில் மண்டபம் திறக்கப்பட்டது. 1993 முதல் அந்நகரின் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில், வண்ணக் கண்ணாடிக் கூரையின் கீழ் அது இயங்கி வருகிறது. கனவு கண்டவரின் ஊரில் அது அமையவில்லை. அவர் பெயர் மட்டும் 1947-இலேயே உள்ளே ஏறிவிட்டது.

அதே 1947-இல் இடம் பெற்ற மற்றொருவர் டபிள்யூ. ஏ. ஹூவிட். இவர் டொரன்டோவின் செய்தியாளர். 1903 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்டாரியோ ஹாக்கிச் சங்கத்தின் செயலாளர். செயலாளர் வேலை என்பது என்ன? அட்டவணை போடுவது, வயதுச் சான்றைச் சரிபார்ப்பது, புகார்க் கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவது. நம் மாணவர் மன்றத்தில் ஓராண்டு செயலாளராக இருந்த நண்பர்களைக் கேட்டால் அந்த அரை நூற்றாண்டின் கனம் புரியும். 1920 ஏப்ரலில் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக ஆடப்பட்டபோது, கனடா அணியோடு சென்றிருந்த ஹூவிட்டே முதல் ஆட்டத்துக்கு நடுவராக நின்றார். சுவீடன் 8, பெல்ஜியம் 0. தோற்ற பெல்ஜிய அணியைச் சேர்ந்த பால் லுவாக் என்னும் வழக்கறிஞர் பின்னர்த் தாமும் விசில் பிடித்து 1924 ஒலிம்பிக்கில் நடுவரானார். 1922 முதல் 1947 வரை பன்னாட்டுக் கூட்டமைப்பின் தலைவராக இருந்து, குளிர்கால ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் நிலைபெற உழைத்தார். பன்னாட்டுக் கூட்டமைப்பு 1997-இல் தனக்கென ஒரு புகழ்மண்டபம் கண்டது. மறு ஆண்டே அவர் பெயரால் ஒரு விருதை நிறுவியது. ஆட்டக்காரர்களுக்கு அன்றி, உலக ஐஸ் ஹாக்கிக்குத் தொண்டு செய்தவர்களுக்கென்றே உள்ளது அது. 1998-இல் அதை முதலில் பெற்றவர் ஒரு மருத்துவர், ஜெர்மனியின் வோல்ஃப் டீட்டர் மொன்டாக்.

இனி நடுவர்களிடம் வருவோம். டொரன்டோ மண்டபத்தில் நடுவர்களுக்கென்று தனிப் பிரிவு 1961-இல்தான் ஏற்பட்டது. முதலில் மூன்று பெயர்கள். அவற்றுள் சாசர் எலியட் என்ற பெயரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இன்று கோடிக்கணக்கில் பணம் புரளும் நேஷனல் ஹாக்கி லீக் பிறந்தது 1917-இல். எலியட் மறைந்ததோ 1913-இல், முப்பத்து நான்கே வயதில். ஒன்டாரியோவின் சிற்றூர்களில் அமெச்சூர் ஆட்டங்களுக்குப் பத்தாண்டு விசில் ஊதியதே அவர் செய்த பணி. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து யாரோ அதை நினைவு வைத்திருந்தார்கள்.

அதே காலத்து மற்றொரு நடுவர் பிரெட் வாக்ஹார்ன். இவரை 1961-இல் ஆட்டத்தை வளர்த்தோர் பிரிவில் சேர்த்தார்கள். அக்காலத்தில் ஆட்டம் தொடங்கும்போது நடுவர் குனிந்து வட்டைத் தரையில் வைத்து, இரு தடிகளுக்கும் நடுவே சரிசெய்துவிட்டு விலக வேண்டும். விலகுவதற்குள் முழங்காலில் நாலு அடி விழும். வாக்ஹார்ன் நிமிர்ந்து நின்றபடியே வட்டைக் கையிலிருந்து நழுவவிட்டார். இன்றும் உலகெங்கும் அதுவே முறை. கைமணிக்குப் பதில் விசிலைக் கொண்டுவந்தவர்களுள் ஒருவராகவும் அவரைச் சொல்வார்கள். இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. அந்நாளைய வட்டு இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஓர் ஆட்டத்தில் அது இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கோலுக்குள் போய்விட்டது. கோலா, இல்லையா? விதிப்படி வட்டுக்கு இன்ன அளவு உண்டு. உள்ளே போனது அந்த அளவில் இல்லை. ஆகவே போனது வட்டே அன்று என்று தீர்ப்பளித்தார் வாக்ஹார்ன். மரியாதை ராமன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பில் சாட்விக்கின் வரலாறு இவற்றினும் வியப்பானது. நியூயார்க்கில் பிறந்தவர், நல்ல ஆட்டக்காரராக வளர்ந்து வந்தவர். 1935-இல் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பனித்தளத்தில் காலெடுத்து வைக்கும்போதே பறந்துவந்த வட்டு வலது கண்ணில் பட்டது. அக்கண்ணின் பார்வை முற்றும் போயிற்று. அப்படியும் ஆடிக்கொண்டுதான் இருந்தார். பிறகு மற்றொரு கண்ணிலும் அடிபட்டு, நல்வேளையாக அது தேறியபோது ஆட்டத்தை விட்டார். 1937-இல் ஒருநாள் கிழக்கு அமெச்சூர் ஹாக்கி லீகின் ஆட்டத்துக்கு வரவேண்டிய நடுவர் பனிப்புயலில் சிக்கிக்கொள்ள, அங்கிருந்த சாட்விக்கை விசில் பிடிக்கச் சொன்னார்கள். ஒற்றைக் கண்ணோடு அன்று பிடித்த விசிலை அவர் 1955 வரை கீழே வைக்கவில்லை. அமெச்சூர் ஆட்டத்திலிருந்து நேஷனல் ஹாக்கி லீக் வரை உயர்ந்தார். அமெரிக்க மண்ணில் பிறந்து அந்த லீகில் தலைமை நடுவரான முதல் மனிதர் அவரே. ஒரு கண் இல்லை என்பது அப்போது மிகச் சிலருக்கே தெரியும். நடுவரைப் பார்த்து 'உனக்குக் கண் இல்லையா?' என்று கத்துவது எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்கம். கத்தியவர்களுக்குத் தாங்கள் பாதி உண்மை பேசுகிறோம் என்பது தெரிந்திராது.

இவர் விட்டுச் சென்றது கைச்சைகை. 1940-களில், பல்லாயிரம் பேர் கூச்சலிடும் அரங்கில் இன்ன தவறுக்கு இன்ன தண்டனை என்று வாயால் சொல்லி யாருக்குக் கேட்கும்? எதிராளியைப் பிடித்து நிறுத்தினான் என்பதற்குத் தம் மணிக்கட்டைத் தாமே பற்றிக் காட்டினார். காலை வாரினான் என்பதற்குத் தம் காலைத் தட்டிக் காட்டினார். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, தேவைக்கு எழுந்த யோசனை. 1956-இல் லீக் அதை முறையான விதியாக ஏற்றுக்கொண்டது. இன்று லடாக்கில் ஆடினாலும் லெனின்கிராடாக இருந்த பீட்டர்ஸ்பர்க்கில் ஆடினாலும் நடுவரின் மொழி அதுதான், மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. 1964-இல் புகழ்மண்டபத்தில் சாட்விக் சேர்க்கப்பட்டார். 1905-இல் ஸ்டான்லி கோப்பை ஆட்டம் ஒன்றில் 14 கோல் போட்ட பிராங்க் மெகீயும் ஒரு கண் பார்வையை ஆட்டத்தில் இழந்தவரே. 1916-இல் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். ஆட்டக்காரராக ஒருவர், நடுவராக ஒருவர், இரண்டு ஒற்றைக் கண்ணர்கள் அந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

பாராட்டு எப்போதும் இவ்வளவு இனிமையாக வந்துவிடுவதில்லை. 1959 ஏப்ரல் 4 அன்று சிகாகோவில் மான்ட்ரியல் அணிக்கும் சிகாகோ அணிக்கும் அரையிறுதித் தொடரின் ஆறாம் ஆட்டம். நடுவர் ரெட் ஸ்டோரி. ஆறடிக்கு மேல் உயரம், இளமையில் பெயர்பெற்ற கால்பந்து வீரர். கடைசி நிமிடங்களில் தங்கள் ஆட்டக்காரரைக் கால்வாரியதற்கு அவர் விசில் ஊதவில்லை என்று சிகாகோ மக்கள் கொதித்தெழுந்தார்கள். கையில் கிடைத்ததெல்லாம் தளத்தில் வந்து விழுந்தது. ஒருவர் தளத்துக்குள்ளேயே குதித்து நடுவர் முகத்தில் பீரை ஊற்றினார். எதிரணியான மான்ட்ரியலின் டக் ஹார்வி வந்து அருகில் நின்று காத்தார். நெடுநேரம் ஆட்டம் நின்று, பின்பு நடந்து முடிந்தது.

அதுவரை நடந்ததை ஸ்டோரி பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது பின்னால் வந்தது. லீகின் தலைவர் கிளாரன்ஸ் காம்ப்பெல், ஸ்டோரி அந்த நேரத்தில் துணிவிழந்துவிட்டார் என்னும் கருத்துப்படச் செய்தியாளர் ஒருவரிடம் பேசினார். அது அச்சில் வந்துவிட்டது. இதையடுத்து ஸ்டோரி பதவி விலகினார். அவர் மறுபடி அந்த லீகில் விசில் ஊதவே இல்லை. மக்கள் பீர் ஊற்றியதைத் துடைத்துக்கொள்ளலாம்; மேலதிகாரி கைவிட்டதைத் துடைக்க முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இதில் விந்தை என்னவென்றால் காம்ப்பெல்லும் 1930-களில் நடுவராக இருந்தவர்தான். 1966-இல் காம்ப்பெல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார், 1967-இல் ஸ்டோரி. காம்ப்பெல் அப்போதும் லீகின் தலைவர். ஸ்டோரியோ முதிய ஆட்டக்காரர்கள் அறநிதி திரட்ட ஆடும் ஆட்டங்களுக்குப் பல்லாண்டு விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

கோட்டு நடுவர்கள் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். அவர்களுள் முதன்முதலாக மாட் பாவலிச்சுக்கு 1987-இல் இடம் கிடைத்தது. மறு ஆண்டு ஜார்ஜ் ஹேய்ஸ். லீகில் ஆயிரம் ஆட்டங்களுக்கு நடுவராக நின்ற முதல் மனிதர் ஹேய்ஸ். 1965-இல் நடுவர்கள் எல்லாரும் கண் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று லீக் ஆணையிட்டபோது மறுத்துவிட்டார். மதுக்கடை அலமாரியில் உள்ள புட்டிகளின் சீட்டுகளைப் படித்தே தம் கண்ணைத் தாம் சோதித்துக்கொள்வதாக அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. வேலை போயிற்று. ஒற்றைக் கண்ணர் ஒருவர் பல்லாண்டு விசில் ஊதி ஓய்வு பெற்றுப் புகழ்மண்டபம் ஏறிய அடுத்த ஆண்டு, இரண்டு கண்ணும் உடையவர் சோதனைக்கு வராத குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டார். ஹேய்ஸ் 1987-இல் இறந்தார். சிறப்பு 1988-இல் வந்தது. ஓராண்டு முந்தியிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. 2,500 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாத ரே ஸ்காப்பினெல்லோ இவ்வகையில் கொடுத்துவைத்தவர். 2004-இல் ஓய்வு, 2008-இல் சிறப்பு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். புகழ்மண்டபத்தில் உள்ள 400-க்கும் மேற்பட்ட பெயர்களில் நடுவர்கள் 16 பேர். 2014-இல் பில் மெக்கிரியரிக்குப் பின் 2025 வரை ஒரு நடுவரும் சேர்க்கப்படவில்லை. காரணம் விதியிலேயே இருக்கிறது. தேர்வுக்குழுவில் 18 பேர். சேர வேண்டுமானால் 14 வாக்கு வேண்டும். ஆட்டத்தை வளர்த்தோர், நடுவர் ஆகிய இரு பிரிவுக்கும் சேர்த்தே ஆண்டுக்கு இரண்டு இடங்கள். வளர்த்தோர் என்னும் வரிசையில் பெரிய அணிகளின் மேலாளர்களும் பயிற்சியாளர்களும் நிற்கும்போது, கோடு பார்த்த மனிதருக்கு யார் வாக்களிப்பார்? இரண்டையும் பிரித்து, நடுவர்களுக்கு ஆண்டுக்கு ஓர் இடமாவது தனியே வைக்கலாம் என்பது என் கருத்து.

மேலாளர்களுக்குத் தந்த சிறப்பெல்லாம் நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஆட்டக்காரர் சங்கத்தை நடத்தியவரும் 1972-இல் கனடா, சோவியத் தொடரை அமைப்பதில் முன்நின்றவருமான ஆலன் ஈகிள்சன் 1989-இல் சேர்க்கப்பட்டார். 1998-இல் மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். அவர் இருந்தால் நாங்கள் விலகுவோம் என்று பெரும் ஆட்டக்காரர்கள் பலர் சொல்ல, தாமே விலகிக்கொண்டார். அந்த 1972 தொடரின் கடைசி ஆட்டத்துக்கு மாஸ்கோவில் நடுவராக நின்ற இருவரில் ஒருவர் மேற்கு ஜெர்மனியின் ஜோசப் கொம்பல்லா. கனடிய ஆட்டக்காரர் பாரிசே, தண்டனை பெற்ற ஆத்திரத்தில் தடியை ஓங்கிக்கொண்டு அவர் மீது பாய்ந்த காட்சி படங்களில் இன்றும் காணலாம். அடி விழவில்லை, ஓங்கியதோடு நின்றது. கொம்பல்லாவின் பெயர் கனடாவில் நெடுங்காலம் வசைச்சொல்லாக இருந்தது. 2003-இல் பன்னாட்டுப் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அத்தொடரின் அமைப்பாளர் டொரன்டோ மண்டபத்தை விட்டு வெளியேறினார். அதில் ஏசப்பட்ட நடுவர் மற்றொரு மண்டபத்தில் நுழைந்தார்.

பெண்கள் ஆட்டத்தை வளர்த்தவர்களுக்கும் இதே காத்திருப்புத்தான். ஒன்டாரியோ பெண்கள் ஹாக்கிச் சங்கத்தின் ஃபிரான் ரைடர் 1987-இல் பெண்களுக்கான உலகப் போட்டி ஒன்றை டொரன்டோ பகுதியில் நடத்திக் காட்டினார். கூட்டமைப்பின் முறையான உலகப் போட்டி அதன்பின் 1990-இல்தான். ஒலிம்பிக்கில் இடம் 1998-இல்தான். ரைடருக்குப் பன்னாட்டு மண்டபத்தில் 2015-இல் இடம் வந்தது. டொரன்டோ மண்டபத்திலோ வளர்த்தோர் பிரிவில் முதல் பெண்மணியாக டேனியெல் சோவாஜோ 2025-இல் சேர்ந்தார். பனித்தளத்தைச் செப்பனிடும் வண்டியை 1949-இல் அமைத்த பிராங்க் சம்போனியை அமெரிக்கப் புகழ்மண்டபம் 2009-இல் சேர்த்தது. முன்பு பலர் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் தேய்த்து நீர் தெளித்துச் செய்த வேலையை ஒருவரே சில நிமிடங்களில் முடிக்க வழி செய்தவர் அவர். சிறுவர் அணிகளுக்கு ஒரே நாளில் பல ஆட்டங்கள் வைக்க முடிந்தது அதனால்தான். அடிமட்டத்தில் பல்லாண்டு ஊதியமின்றி உழைக்கும் தொண்டர் ஒருவருக்கு அமெரிக்க ஹாக்கிச் சங்கம் தேயர் டட் என்பவர் பெயரால் விருது தருகிறது. பெறுபவர் பெயர் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வருவதில்லை. ஆனால் அவர் ஊரில் தெரியும்.

இவையெல்லாம் முதியவர்களின் புகழுக்காக மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். அமெச்சூர் ஆட்டங்களுக்கு வரும் நடுவர்களில் பெரும்பாலோர் நம் வயதினர். பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவரும் உண்டு. சனிக்கிழமை காலையில் தம்மினும் சிறிய பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊத வருகிறார்கள். ஏசுவது பிள்ளைகள் அல்லர், பிள்ளைகளின் பெற்றோர். ஓரிரு பருவம் கேட்டுவிட்டு, போதும் என்று விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் அமெச்சூர்ச் சங்கங்களின் பெருங்கவலை இதுதான். நடுவர் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. கனடாவில் சில இடங்களில் பதினெட்டு வயது நிரம்பாத நடுவர்கள் கையில் பச்சைப் பட்டை கட்டி வருகிறார்கள். 'இவனும் ஒரு பிள்ளைதான், நாவை அடக்குங்கள்' என்று பெற்றோர்களுக்கு அந்தப் பட்டை சொல்கிறது. பெரியவர்களுக்கு இதையும் துணியில் கட்டிக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. ஆண்டு முடிவில் சங்கங்கள் இளம் நடுவர்களுக்கும் விருது வைப்பது இவர்களைப் பனித்தளத்தில் நிறுத்தி வைப்பதற்காகவே.

சிற்றூர்ப் பனியரங்குகளில் முதிய தொண்டர் ஒருவரையோ ஓய்வு பெற்ற நடுவரையோ சிறப்பிக்கும் முறை எளிமையானது. ஆட்டம் தொடங்குமுன் தளத்தின் நடுவே வரை ஒரு சிவப்புக் கம்பளம் விரிக்கிறார்கள், சாதாரணக் காலணியோடு நடப்பவர் வழுக்கி விழாமல் இருப்பதற்காக. ஒலிபெருக்கியில் அவர் பெயரும் உழைத்த ஆண்டுகளும் சொல்லப்படுகின்றன. இரு அணித் தலைவர்களும் எதிரெதிரே தடியைத் தாழ்த்தி நிற்க, அவர் கையில் ஒரு வட்டைக் கொடுக்கிறார்கள். வாக்ஹார்ன் செய்தது போலவே அவர் அதை நழுவவிடுகிறார். படம் எடுக்கிறார்கள். அணித் தலைவர் ஒருவர் வட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துக் கைகுலுக்குகிறார். பிறகு கம்பளத்தைச் சுருட்டுகிறார்கள். அன்றைய நடுவர் சறுக்கிக்கொண்டு வந்து வேறொரு வட்டைப் போடுகிறார்.